ஸ்பென்சர் பங்களாவின் பூர்வீகம்

திரை முழுதும் கறுப்பு. நடுவில் ஒரே ஒரு கதவு. கைப்பிடி திரும்புகிறது, கீல் கிறீச்சிடுகிறது, கதவு மெல்ல உள்ளே திறக்கிறது, நம் பார்வை இருட்டுக்குள் நகர்கிறது. சில விநாடிகள் கழித்துத்தான் அடுத்த அறை கண்ணில் படும். 'ரெசிடென்ட் ஈவில்' கேமில் எந்தக் கதவைத் தொட்டாலும் இதுதான் நடக்கும். போன வழியே திரும்பி வந்தாலும் மறுபடி அதே கதவு, அதே கிறீச். ஒருமுறை விளையாடி முடிப்பதற்குள் இந்தக் காட்சி மனப்பாடம் ஆகிவிடும்.

ஒசாகாவின் கேப்காம் நிறுவனம் 1996 மார்ச் 22 அன்று ஜப்பானில் 'பயோஹசார்ட்' என்ற பெயரில் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்ட கேம் இது. அமெரிக்காவில் அந்தப் பெயரைப் பதிவு செய்ய முடியாமல் போனதால் அங்கே 'ரெசிடென்ட் ஈவில்' ஆனது. நம்மில் பலருக்கு மில்லா ஜோவோவிச் நடித்த படங்கள் வழியாகத்தான் இந்தப் பெயர் பரிச்சயம். அந்தப் படங்களுக்கும் முதல் கேமுக்கும் தூரத்து உறவுதான். கேமின் கதை மிக எளியது. 1998 ஜூலை 24 இரவு, ராக்கூன் சிட்டி என்ற கற்பனை நகரத்தை ஒட்டிய மலைக்காட்டில் காணாமல் போன சகாக்களைத் தேடிச் செல்லும் சிறப்புப் படையினர், வெறிகொண்ட நாய்களுக்குத் தப்பி ஒரு பழைய பங்களாவுக்குள் ஓடுகிறார்கள். அதுதான் ஸ்பென்சர் பங்களா. கிறிஸ் ரெட்ஃபீல்ட், ஜில் வாலன்டைன் இருவரில் ஒருவராக நாம் அதற்குள் விடியும்வரை உயிரோடிருக்க வேண்டும்.

இந்த கேமை நான் திரும்பத் திரும்ப விளையாடுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் சொல்லும் குறைகள் எல்லாம் உண்மை. மேல்பொத்தானை அழுத்தினால் பாத்திரம் தன் முகம் நோக்கும் திசையில் நடக்கும். இடம், வலம் அழுத்தினால் நின்ற இடத்திலேயே சுழலும். பீரங்கி வண்டியைத் திருப்புவது போல என்பதால் 'டேங்க் கன்ட்ரோல்' என்றே இதற்குப் பெயர். கேமரா நம் கையில் இல்லை. ஒவ்வொரு அறையிலும் ஏதோ ஒரு மூலையில் அசையாமல் நின்று பார்க்கும். கிறிஸ் 6 பொருட்களுக்கு மேல் எடுத்துச் செல்ல முடியாது, ஜில் 8. சாவி ஒரு இடம், மூலிகை ஒரு இடம், தோட்டாப் பெட்டி ஒரு இடம். சேவ் செய்ய தட்டச்சுப் பொறி தேடிப் போக வேண்டும்; அதற்கான மை ரிப்பனும் அளந்துதான் கிடைக்கும், அதுவும் பையில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இவை போதாதென்று வசனம். கீழிறங்கும் கூரையில் நசுங்கிச் சாக இருந்த ஜில்லைக் கடைசி நொடியில் இழுத்துக் காப்பாற்றும் சகா பேரி, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நீ சாண்ட்விச் ஆகியிருப்பாய் என்கிற பொருளில் சொல்லும் வரி, 30 வருடமாக உலகம் முழுக்க மிமிக்ரி செய்யப்படுகிறது.

இத்தனை குறைகளும் எங்கிருந்து வந்தன? ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்பிடம் இருக்க வேண்டும். அந்தத் தேடல் ஜப்பானில் தொடங்கி பிரான்ஸ் வரை போகிறது.

கதவிலிருந்தே ஆரம்பிக்கலாம். முதல் பிளேஸ்டேஷனின் பிரதான நினைவகம் வெறும் 2 மெகாபைட். சிடி டிரைவ் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 300 கிலோபைட் படிக்கும். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும்போது பழைய அறையை அழித்துவிட்டு, புதிய அறையின் படங்களையும் ஜாம்பிகளையும் ஒலிகளையும் சிடியிலிருந்து எடுத்து வர வேண்டும். அந்த இடைவெளியை மறைக்கத்தான் கதவுக் காட்சி. பலரும் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் கதவு பிளேஸ்டேஷனுக்கு முன்பே இருந்தது.

1989 ஜனவரியில் 'ஸ்வீட் ஹோம்' என்ற ஜப்பானியப் பேய்ப்படம் வெளிவந்தது. இயக்கியவர் கியோஷி குரோசாவா. பிற்பாடு 'க்யூர்', 'பல்ஸ்' படங்களால் உலகப் புகழ் பெற்றவர். தயாரித்தவர் ஜூசோ இத்தாமி. காலமாகிவிட்ட ஓவியர் மாமியா இச்சிரோவின் கைவிடப்பட்ட பங்களாவில் இருக்கும் சுவரோவியங்களைப் படம்பிடிக்க ஐந்து பேர் போகிறார்கள். ஓவியரின் மனைவியின் ஆவி அவர்களை விடுவதாயில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கேப்காம் அதை ஃபேமிகாம் இயந்திரத்துக்கான கேமாக வெளியிட்டது. இயக்கியவர் டோகுரோ புஜிவாரா, 'கோஸ்ட்ஸ் அண்ட் காப்லின்ஸ்' தந்தவர்.

அந்த கேமை விளையாடிப் பார்த்தால் கண் விரிகிறது. கதவைத் திறக்கும் காட்சி அங்கே இருக்கிறது. செத்துப்போனவர்கள் எழுதி வைத்த குறிப்புகளைப் படித்துக் கதையை நாமே கோத்துக்கொள்வது அங்கே இருக்கிறது. பொருள் சுமக்கக் கட்டுப்பாடு இருக்கிறது. செத்த பாத்திரம் திரும்ப வராது. கடைசியில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். எனக்கு மிகவும் பிடித்தது, ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கருவி கொடுத்திருக்கும் விதம். கசுவோவிடம் லைட்டர், எமியிடம் சாவி, டகுச்சியிடம் கேமரா, அகிகோவிடம் மருந்துப் பெட்டி, அசுகாவிடம் வாக்குவம் கிளீனர். பேய் பங்களாவில் வாக்குவம் கிளீனருக்கு என்ன வேலை என்று தோன்றும். சுவரோவியத்தின் மீது படிந்த தூசியை அசுகா உறிஞ்சி எடுத்தால்தான் ஓவியம் தெரியும்; டகுச்சி அதைப் படம்பிடித்தால்தான் அதில் ஒளிந்திருக்கும் செய்தி தெரியும். ஒருவர் செத்தால் அவருடைய கருவிக்கு மாற்றுப் பொருளைத் தேடி அலைய வேண்டும், அது நம் சுமையில் ஒரு இடத்தைத் தின்னும்.

இப்போது 1996-க்குத் திரும்புவோம். கிறிஸ் தொடக்கத்திலேயே கையில் வைத்திருப்பது லைட்டர். ஜில்லின் கையில் இருப்பது பூட்டுத் திறக்கும் கம்பி. கசுவோவின் லைட்டரும் எமியின் சாவியும் ஏழு வருடம் கழித்து வேறு கைகளுக்கு வந்திருக்கின்றன. ஜில் சுலபமாகத் திறக்கும் மேசை இழுப்பறைக்கு கிறிஸ் சின்னச் சாவி தேடிப் பையில் சுமக்க வேண்டியிருப்பது அதே கணக்குதான். பை சின்னதாக இருப்பது பிளேஸ்டேஷனின் இயலாமை அல்ல. அது பரம்பரைச் சொத்து.

இது தற்செயலும் அல்ல. 1993-ல் புஜிவாரா இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது அவருடைய நோக்கமே, 'ஸ்வீட் ஹோம்' கேமில் செய்ய முடியாமல் போனதைப் புதிய இயந்திரத்தில் செய்வது. அதை அவர் ஒப்படைத்த இளைஞர் ஷின்ஜி மிகாமி. அதுவரை மிகாமி செய்தவை 'கூஃப் ட்ரூப்', 'அலாதீன்' போன்ற டிஸ்னி கேம்கள். அவரை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு புஜிவாரா பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்ன காரணம் இந்தத் தேடலில் நான் கண்டவற்றிலேயே அருமையானது: மிகாமிக்குப் பயமூட்டும் கதை பிடிக்காது, பயமுறுத்தினால் வெறுப்பு. எனக்குப் பயமே கிடையாது என்று சொல்கிறவராக இருந்திருந்தால் இந்த வேலையைக் கொடுத்திருக்க மாட்டாராம். முதல் ஆறு மாதம் மிகாமி தனியாகவே உட்கார்ந்து திட்டம் தீட்டினார். ஆவிகளைக் கைவிட்டு ஜாம்பிகளைக் கொண்டுவந்ததும் அவர்தான். சுட்டால் விழுகிற எதிரி வேண்டும் என்பது அவர் எண்ணம். ஜார்ஜ் ரொமேரோவின் ஜாம்பிப் படங்களின் பாதிப்பு வெளிப்படையானது. கேப்காம் 1998-ல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 2'-க்கு ஜப்பானிய விளம்பரப் படம் எடுத்தபோது ரொமேரோவையே இயக்கச் சொன்னது.

கேமராவும் டேங்க் கன்ட்ரோலும் ஜப்பானில் பிறந்தவை அல்ல. அவை பிரான்சிலிருந்து வந்தவை. இன்ஃபோகிராம்ஸ் நிறுவனத்தில் ஃப்ரெடெரிக் ரேனல் உருவாக்கிய 'அலோன் இன் த டார்க்' 1992-ல் கணினிக்கு வந்தது. பின்னணி வரைந்த ஓவியம், பாத்திரங்கள் மட்டும் முப்பரிமாணம், ஓவியத்துக்கு ஏற்ற கோணத்தில் அசையாத கேமரா. முழுப் பங்களாவையும் முப்பரிமாணத்தில் கட்டும் திராணி அன்றைய கணினிக்குக் கிடையாது. அந்த கேமின் முதல் அறை ஒரு பரண். நின்று வேடிக்கை பார்த்தால் ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு மிருகம் பாயும். அதற்குள் அலமாரியைத் தள்ளி ஜன்னலை மறைத்து, பெட்டியைத் தள்ளித் தரைக்கதவை அடைக்க வேண்டும். 'ரெசிடென்ட் ஈவில்' நடைக்கூடத்தில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு நாய் பாயும் அந்தப் புகழ்பெற்ற நொடியின் தாய்வீடு இந்தப் பரண்தான் என்பது என் முடிவு. மிகாமி நெடுநாள் இந்த உறவை வாய்விட்டுச் சொல்லவில்லை. 2014-ல் பிரெஞ்சு நாளிதழ் 'லெ மோந்த்'துக்கு அளித்த பேட்டியில் ஒப்புக்கொண்டார்: அந்த கேம் இல்லாதிருந்தால் தன் கேம் அனேகமாகத் துப்பாக்கியின் பின்னாலிருந்து பார்க்கும் ரகமாக வந்திருக்கும் என்றார்.

கேமரா அசையாது என்று முடிவானபின் டேங்க் கன்ட்ரோல் தானாக வந்துவிடுகிறது. நடைக்கூடத்தின் பாதியில் கேமரா எதிர்ப்புறத்துக்குத் தாவினால், திரையில் இடமாக இருந்தது வலமாகிவிடும். திரையைப் பார்த்துப் பொத்தான் அழுத்தும் முறை என்றால், ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஜாம்பியை நோக்கியே திரும்பிவிடுவார். டேங்க் கன்ட்ரோலில் முன்னால் என்றால் எப்போதும் முன்னால்தான். கேமரா எத்தனை தடவை மாறினாலும் கட்டைவிரல் மாற வேண்டாம். பழகியவர்களுக்கு அது குறையாகவே தெரியாததற்குக் காரணம் இதுதான்.

வசனக் கோளாறுக்கு இப்படியெல்லாம் நியாயம் கிடையாது. ஜப்பானியப் பதிப்புக்கும் அமெரிக்கப் பதிப்புக்கும் சேர்த்து ஜப்பானிலேயே ஆங்கிலத்தில் பதிவு செய்தார்கள். ஜப்பானியர்கள் கீழே ஓடும் எழுத்தைப் படித்தபடி விளையாடினார்கள். அவர்களுக்கு அந்த நடிப்பின் விறைப்பு அவ்வளவாக உறுத்தவில்லை. ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு முதல் வரியிலேயே உறுத்தியது. இது சாதாரணக் குறை, அவ்வளவே. நான் அதை ரசிக்கிறேன் என்பதால் அது நல்ல நடிப்பு ஆகிவிடாது.

1998-ல் வந்த 'டூயல் ஷாக்' பதிப்பின் இசை இன்னும் விசித்திரமான கதை. பழைய இசையை எடுத்துவிட்டு மாமோரு சாமுராகோச்சி என்ற இசையமைப்பாளர் பெயரில் புதிய இசை சேர்த்தார்கள். நிலவறையில் ஒலிக்கும் துண்டைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். தாரைகள் சுருதி விலகி ஒன்றோடொன்று மோதுவது போல இருக்கும், பயம் ஓடியே போய்விடும். சாமுராகோச்சியை ஜப்பான் செவித்திறன் இழந்த மேதை என்று கொண்டாடியது. 2014 பிப்ரவரியில் தகாஷி நீகாகி என்பவர் முன்வந்து, அவர் பெயரில் வந்த இசையைப் பல வருடமாக எழுதியது நான்தான் என்று அறிவித்தார். இந்த கேமின் புதிய இசையும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

ஆக, குறைகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. எது இயந்திரம் செய்தது, எது மிகாமி வேண்டும் என்று வைத்தது என்பதைப் பிரித்துச் சொல்ல நமக்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2002-ல் கேம்கியூபுக்கு அதே கேமை மிகாமியே மறுபடி எடுத்தார். பிளேஸ்டேஷனைவிடப் பல மடங்கு வலுவான இயந்திரம். வேண்டாததைத் தூக்கி எறிய அவருக்கு முழுச் சுதந்திரம் இருந்தது. எறிந்தது வசனத்தையும் பழைய நடிகர்களையும். வைத்துக்கொண்டது அசையாத கேமராவை, டேங்க் கன்ட்ரோலை, 6 இடம் 8 இடம் கொண்ட பையை, மை ரிப்பனை, கதவை. கதவை வைத்துக்கொண்டதோடு விடவில்லை. முதல் கேமில் கதவைத் தாண்டிவிட்டால் நிம்மதி. ரீமேக்கில் சில இடங்களில் ஜாம்பி அதே கதவைத் திறந்துகொண்டு பின்னாலேயே வரும்.

யாரும் புகார் செய்யாத ஒரு குறையையும் அவர் திருத்தினார். 1996 கேமில் ஒரு நடைக்கூடத்தின் ஜாம்பிகளைக் கொன்று முடித்துவிட்டால் அந்தக் கூடம் பெரும்பாலும் பாதுகாப்பாகிவிடும். விளையாட விளையாடப் பங்களா நம் வீடாகிவிடும், பயம் கரைந்துவிடும். ரீமேக்கில் சுட்டு வீழ்த்திய ஜாம்பியைத் தலை சிதறச் சுட்டிருக்க வேண்டும் அல்லது எரித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேரம் கழித்து அது செந்தலையாக எழுந்து ஓடி வரும். எரிக்க மண்ணெண்ணெயும் லைட்டரும் வேண்டும். மண்ணெண்ணெய்க் குப்பிக்குப் பையில் ஒரு இடம், ஜில்லானால் லைட்டருக்கு இன்னொன்று. சின்னப் பையும் கசுவோவின் லைட்டரும் இங்கே கைகோக்கின்றன. நாய் நடைக்கூடத்தில் இன்னொரு வேலை செய்திருக்கிறார். பழைய கேமை விளையாடியவர் ஜன்னலைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தயாராக வைத்துக்கொள்வார். முதல் தடவை கடக்கும்போது கண்ணாடி விரிசல் மட்டுமே விடும். நாய் பிறகு வரும், நாம் மறந்திருக்கும்போது. திரும்ப விளையாடுகிறவர்களுக்கென்றே எழுதிய காட்சி அது.

அதனால் என் தீர்ப்பு இது: இரண்டில் சிறந்த கேம் 2002-ல் வந்ததுதான். 1996 கேமை நான் விடாமல் விளையாடுவது வேறு காரணத்துக்காக. அதில் புஜிவாராவின் பழைய பங்களாவும் ரேனலின் பரணும் அழியாத தடங்களாகத் தெரிகின்றன. ரீமேக்கின் மெருகில் அவை கொஞ்சம் மறைந்துவிட்டன.

புதிதாக விளையாட நினைப்பவர்கள் ரீமேக்கின் 2015 எச்டி பதிப்பிலிருந்து தொடங்கலாம். அதில் இன்றைய பாணிக் கன்ட்ரோலும் உண்டு. அதைத் தொடாதீர்கள், பழைய முறையிலேயே ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். ஜில்லாக விளையாடுங்கள், பையில் இரண்டு இடம் கூடுதல். பிடித்துப்போனால் 1996 கேமின் கணினிப் பதிப்பு 2024 ஜூனில் ஜிஓஜி தளத்தில் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. 'ஸ்வீட் ஹோம்' மட்டும் ஜப்பானுக்கு வெளியே அதிகாரபூர்வமாக வெளியானதில்லை; ரசிகர்கள் தம் கைப்பட ஆங்கிலமாக்கியதைத்தான் உலகம் விளையாடுகிறது. இந்தத் தொடரில் 15 கோடிக்கு மேல் பிரதிகள் விற்ற கேப்காம், அந்தத் தொடரைப் பெற்ற கேமையும் பட உரிமைச் சிக்கலைத் தீர்த்து முறையாக வெளியிட வேண்டும்.