தாளம் தெரிந்த விரல்

கல்யாண மேடையில் போட்டோ எடுப்பது சுலபம். மாப்பிள்ளை அசையமாட்டார்; அசைந்தாலும் மாமனார் விடமாட்டார். நடன மேடை அப்படியா? கை, கால், கண் மூன்றும் மூன்று திசையில் பறக்கும். வெளிச்சமோ ஒரே ஒரு ஃபோகஸ் லைட். அதற்கும் சிவப்புக் காகிதம் சுற்றி வைத்திருப்பார்கள்!

பி.காம். படித்தவனுக்குக் கேமரா எதற்கு என்று கேட்காதீர்கள். இருட்டில் படம் எடுப்பது சுத்தமான வரவு செலவுக் கணக்கு சார். வெளிச்சம்தான் வரவு. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் வரவு கூடும். ஆனால் ஆடுகிறவர் கை புகையாகிவிடும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் அது கடன். வட்டியாகப் படம் முழுக்க ரவை கொட்டின மாதிரி புள்ளி! லென்ஸின் வாய் பெரிதாக இருந்தால் பரம்பரைச் சொத்து. சாதா ஜூம் லென்ஸின் 5.6-ஐ விட, 1.8 லென்ஸில் சுமார் 10 மடங்கு வெளிச்சம் நுழையும்.

ஃப்ளாஷ்? முன்வரிசைப் பெரியவரின் வழுக்கைதான் பளிச்சென்று விழும். அதோடு, சுற்றிச் சுழன்று ஆடுகிறவருக்குக் கண் கூசினால் கால் எங்கே போய் விழும்?

எங்கள் வெண்ணந்தூரில் பகலெல்லாம் தறிச் சத்தம். திருவிழா என்றால் விடிய விடியக் கூத்து. பகலில் தறி ஓட்டி, ராத்திரியில் ராஜா வேஷம் கட்டும் ஒருவர் போன வருஷம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இருவது வருசமா ஆடறேன் தம்பி. மூஞ்சி தெரியறாப்புல ஒரு படம் இல்லீங்க. எல்லாத்துலயும் வெள்ளையடிச்ச செவுராட்டம் இருக்கறேன்."

காரணம் இதுதான். பின்னால் கும்மிருட்டு. கேமரா அதைப் பார்த்துப் பயந்துபோய், தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். லைட் விழுந்த முகம் வெளுத்துவிடும். ஆட்டோவை நம்பாமல் 'மைனஸ் ஒன்' வைத்தால் முகம் திரும்பி வரும்.

முகம் சரி, அசைவு? 'ஸ்பான்' பத்திரிகையில் போட்டோகிராபராக இருந்த டெல்லி அவிநாஷ் பஸ்ரிச்சா, யாமினி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்களின் ஆட்டத்தை ஃபிலிம் காலத்திலேயே பிடித்தவர். ஒரு ரோலுக்கு 36 படம்தான். கழுவிப் பார்க்கும்வரை எதுவும் தெரியாது. அந்தக் காலத்துக்காரர்களைக் காப்பாற்றியது கேமரா மட்டுமல்ல. ஆட்டத்துக்குள்ளேயே நிற்கிற இடம் இருக்கிறது. பரதத்தில் தீர்மானம் முடிந்ததும் ஒரு கணம் சிலை. குதித்தவர் உச்சியில் ஒரு கணம் மேலேயும் போகமாட்டார், கீழேயும் வரமாட்டார். கூத்திலோ, திரை விலகியதும் ராஜா நிமிர்ந்து பார்க்கும் கணம்!

அன்றைக்கு ராத்திரி தாளக்காரர் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். லென்ஸ் 1.8, ஐ.எஸ்.ஓ. 3200, ஷட்டர் 1/125. அடியை எண்ணி எண்ணி அமுக்கினேன். இரண்டு மணி வாக்கில் கிடைத்தது ஒரு படம். கிரீடம், அரிதாரத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கும் வேர்வை, உருட்டின கண், எல்லாம்!

காலையில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"பெருசாப் போட்டுக் குடுங்க தம்பி. பையன் இந்தக் கூத்து நம்மோட போவட்டுங்கறான். இதைப் பாத்துட்டு சொல்லட்டும்."

அக்கா மகள் அரங்கேற்றத்துக்குக் கேமராவைத் தூக்கப் போகிற தம்பிகளே! முதல் நாள் ஒத்திகைக்குப் போய், படமே எடுக்காமல் தொடையில் தாளம் போட்டுப் பழகுங்கள். கேமராவுக்கு எத்தனை விலை கொடுத்தாலும் தாளம் கேட்காது, காது நமக்குத்தான்!