ரயிலைப் படமெடுக்கும் பிள்ளையும் நமது அச்சமும்



வாழ்வாதாரம் தேடி ஊரைவிட்டுப் புறப்படுவது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. கடல் கடந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சென்றவர்களைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். ஆனால் வட இந்திய நகரங்களில் பணிபுரிந்துகொண்டு, ஆண்டுக்கொரு முறை ரயிலேறி ஊர் திரும்பும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்களுள் நாங்களும் ஒரு குடும்பம். தில்லியின் ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் திருக்குறள் விரைவு வண்டியில் ஏறினால், ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் கடந்து திருநெல்வேலி வந்து சேரலாம். இறைநேசர் ஒருவரின் பெயர் தாங்கிய நிலையத்திலிருந்து வள்ளுவர் நூலின் பெயர் தாங்கிய வண்டியில் ஊர் வருவது எங்களுக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் பொருத்தம். திருநெல்வேலியில் செங்கோட்டை வண்டிக்கு மாறினால், பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி ஆகிய ஊர்களைக் கடந்து அம்பாசமுத்திரம் வந்துவிடும்.

இந்த நெடும்பயணத்தை எங்களுக்கு வேறொன்றாக மாற்றியவன் எங்கள் மகன். பதினைந்து வயது. ரயில்களைப் பார்ப்பதும், எஞ்சின்களின் எண்களைக் குறித்துக்கொள்வதும், எதிரே வரும் வண்டிகளைப் படமெடுப்பதும் அவனுக்கு இன்பம். முதலில் நாங்கள் இதனை ஒரு விளையாட்டு என்றே எண்ணினோம். பின்னர்தான் இது உலகெங்கும் வேரூன்றிய பொழுதுபோக்கு என்பதை அறிந்தோம். இங்கிலாந்தில் 1942ஆம் ஆண்டு இயன் ஆலன் என்பவர் எஞ்சின் எண்களின் பட்டியலைச் சிறுநூலாக வெளியிட்டபின், சிறுவர்கள் கூட்டங்கூட்டமாகக் குறிப்பேட்டுடன் நிலையங்களில் நிற்கத் தொடங்கினர். நம் நாட்டின் ரயில் ஆர்வலர்களுக்கென்று 1989ஆம் ஆண்டிலிருந்தே ஒரு மன்றம் இயங்கி வருகிறது.

எஞ்சினின் நெற்றியில் எழுதப்பட்டிருப்பதை வாசிக்க அவன்தான் எங்களுக்குக் கற்றுத் தந்தான். 'டபிள்யூ.ஏ.பி.-7' என்று எழுதியிருந்தால், முதல் எழுத்து அகலப் பாதையைக் குறிக்கும். இரண்டாவது மாறுதிசை மின்சாரத்தைக் குறிக்கும். மூன்றாவது பயணியர் வண்டியை இழுப்பது என்பதைக் குறிக்கும். 'ஜி' என்றிருந்தால் சரக்கு வண்டி. 'டி' என்றிருந்தால் டீசல். முதலெழுத்து 'ஒய்' என்றிருந்தால் மீட்டர் பாதை. ஈரோடு, அரக்கோணம், ராயபுரம், லாலாகுடா, விஜயவாடா, காஜியாபாத் என்று, எஞ்சினைப் பராமரிக்கும் பணிமனையின் பெயரும் அதன் மேனியிலேயே எழுதப்பட்டிருக்கும். பீகாரின் மாதேபுராவில் உருவாகும் 12,000 குதிரைத்திறன் கொண்ட இரட்டை எஞ்சின் ஒன்று, முடிவே இல்லாதது போன்ற நிலக்கரி வண்டியை இழுத்துக்கொண்டு எதிரே கடந்தபோது அவன் முகத்தில் தோன்றிய வியப்பை நாங்கள் மறக்கவில்லை. வாகனத்தில் ஏறும்போது, இதனை நமக்கு வசப்படுத்தித் தந்தவனைத் துதித்து நாம் ஓதும் துஆவின் பொருள், அத்தகைய நேரங்களில் இன்னும் ஆழமாக நெஞ்சில் இறங்குகிறது.

சன்னலோரம் அமர்ந்து பார்க்கப் பழகிய பின்பு, நாடே ஒரு பாடநூல்போல விரிகிறது. ஆக்ராவைக் கடந்தால் சம்பலின் மண்மேடுகள். ஜான்சியைக் கடந்தால் பேத்வா. போபாலுக்கும் இடார்சிக்கும் இடையே நர்மதை. பின்னர் கோதாவரி, கிருஷ்ணா, காவிரி, வைகை. இன்னொன்றையும் மகன்தான் கவனித்துச் சொன்னான். வண்டி தெற்கு நோக்கி வருவதால், பெரும்பாலான வழியில் கிப்லா எங்கள் வலப்பக்கமாகவே அமைகிறது. திருநெல்வேலியில் வண்டி மாறி மேற்கு நோக்கித் திரும்பியதும், கிப்லா ஏறக்குறைய எஞ்சின் செல்லும் திசைக்கே வந்துவிடுகிறது. பொதிகை மலையும் அதே பக்கம்தான். மாலை வெயிலில் படமெடுப்பதற்காகச் சூரியன் நிற்கும் திசையைக் கணித்துப் பழகிய கண், தொழுகைக்கும் துணை செய்தது.

தொழுகையைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை வெளிப்படையாகக் கூற வேண்டும். பொழுதுபோக்கு எதுவாயினும் அதன் உண்மையான சோதனை தொழுகை நேரத்தில்தான் தெரியும். பயணத்தில் சுருக்கித் தொழுவதும், சேர்த்துத் தொழுவதும், ஓடும் வண்டியில் நின்றோ அமர்ந்தோ தொழுவதும் பற்றி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடுகள் உள்ளன. புறப்படுவதற்கு முன்பே உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நலம். நாங்கள் மகனிடம் சொன்னது இதுதான்: எதிரே வரப்போகும் வண்டி எத்துணை அரியதாயினும், வக்து வந்துவிட்டால் கேமரா பைக்குள் போக வேண்டும். ஓர் அஸர் நேரத்தில், அவன் நெடுநாள் காத்திருந்த எஞ்சின் ஒன்று பக்கத்துப் பாதையில் கடந்து சென்றது. அவன் தொழுகையில் இருந்தான். ஸலாம் கொடுத்தபின் திரும்பிப் பார்த்தான். வெறும் தண்டவாளம்தான் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு அந்த மௌனம் போதுமானதாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்வுக்கு வருவோம். வழியில் ஒரு பெரிய சந்திப்பில் வண்டி நின்றபோது, மகன் நடைமேடையில் இறங்கி, பக்கத்துப் பாதையில் நின்ற எஞ்சினைப் படமெடுத்தான். சீருடை அணிந்த ஒருவர் வந்து நிறுத்தினார். பெயரைக் கேட்டார். பெயரைக் கேட்டதும் அவருடைய குரல் மாறியது. எங்கிருந்து வருகிறாய், எதற்காகப் படம், யாருக்கு அனுப்புகிறாய் என்று கேள்விகள் தொடர்ந்தன. நாங்கள் அருகே சென்று, பயணச்சீட்டையும் அடையாள அட்டைகளையும் காட்டினோம். மகன் தன் குறிப்பேட்டைக் காட்டினான். மூன்று ஆண்டுகளாக எழுதிய எஞ்சின் எண்கள் அதில் இருந்தன. அவர் அதனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த நிலையத்தில் எடுத்த படங்களை அழிக்கச் சொன்னார். அவன் அழித்தான். வண்டி புறப்பட்டது.

பெட்டியில் எங்களோடு பயணம் செய்த பெரியவர் ஒருவர், நம்மவர்தான், உண்மையான அக்கறையோடு சொன்னார்: "தம்பி, நம்ம பேரை வச்சுக்கிட்டு இந்த வேலை எதுக்குப்பா? வீணா ஒரு வம்பு வந்தா வாப்பா உம்மாவால தாங்க முடியுமா?"

அந்தக் கேள்வி அன்றிரவு முழுவதும் எங்களைத் தூங்கவிடவில்லை. எங்களுள் ஒருவர், பெரியவர் சொன்னதே சரி என்றார். பிள்ளையைக் காப்பது பெற்றோரின் முதற்கடமை, ஒரு பொழுதுபோக்குக்காக அவனைச் சந்தேகத்தின் முன் நிறுத்த வேண்டுமா என்றார். மற்றவர் மறுத்தார். தவறில்லாத ஒன்றைத் தன் பெயருக்காகக் கைவிடும்படி பிள்ளையிடம் சொன்னால், அவன் தன் பெயரையே ஒரு குற்றமாகக் கருதத் தொடங்கிவிடுவான். அந்தப் பாடத்தை நாம் அவனுக்குக் கற்பிக்க வேண்டுமா என்றார். இரண்டிலும் உண்மை இருந்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி எங்களுக்கு நினைவுக்கு வந்தது. கட்டாமல் விடுவதும் வழியன்று. ஒட்டகமே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் வழியன்று. ஆகவே அவன் ஆர்வத்தைத் தடுப்பதில்லை என்றும், அதற்கு ஒழுங்கான வரம்புகளை வகுத்துத் தருவது என்றும் முடிவு செய்தோம்.

ஏன் தடுக்கவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902ஆம் ஆண்டிலும், அங்கிருந்து தாமிரபரணியைக் கடந்து அம்பாசமுத்திரம் வழியாகச் செங்கோட்டை வரை 1903ஆம் ஆண்டிலும் மீட்டர் பாதை திறக்கப்பட்டது. மறு ஆண்டு மலையைக் குடைந்து செங்கோட்டையும் புனலூரும் இணைக்கப்பட்டன. நம் முன்னோர் பலர் அந்தச் சிறிய வண்டிகளில் ஏறித்தான், பதின்மூன்று கண் பாலத்தைக் கடந்து, கொல்லம் பக்கம் வணிகத்துக்குச் சென்றனர். பத்தமடைப் பாயும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் அவ்வழியே பயணம் செய்தன. 2012ஆம் ஆண்டு எங்கள் ஊருக்கு அகலப் பாதை வந்தது. அந்த மீட்டர் பாதை வண்டிகளில் வாழ்நாள் முழுவதும் பயணம் செய்த எங்கள் குடும்பத்தில், அவற்றின் படம் ஒன்றுகூட இல்லை. திருமணப் படங்கள் இருக்கின்றன; மணமகன் வீட்டார் வந்திறங்கிய வண்டியின் படம் இல்லை. இன்று சாதாரணமாகத் தோன்றும் ஒன்றை ஒரு சிறுவன் படமெடுத்து, நாளும் இடமும் குறித்து வைப்பது, நாளைய தலைமுறைக்கு அவன் விட்டுச்செல்லும் அமானிதமாகும்.

ரயிலுக்கும் நம் உம்மத்துக்கும் உள்ள உறவும் நினைவுகூரத் தக்கது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அவர்களின் காலத்தில், திமிஷ்கிலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட ஹிஜாஸ் ரயில் பாதை 1908ஆம் ஆண்டு மதீனாவை அடைந்தது. அதற்காக இந்திய முஸ்லிம்களும் நன்கொடை அனுப்பினர். முதல் உலகப் போரில் அது சிதைந்தது. இன்று மக்காவையும் மதீனாவையும் இணைக்கும் ஹரமைன் விரைவு ரயில் 2018ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. ஹிஜாஸ் ரயிலின் தோற்றத்தை நாம் இன்று கண்ணால் காண முடிகிறதென்றால், அன்று யாரோ ஒருவர் நின்று படமெடுத்து வைத்ததனால்தான்.

நாங்கள் மகனுக்கு வகுத்துத் தந்த வரம்புகளை, பிற பெற்றோருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே கூறுகிறோம்.

முதலாவது, உயிர். அது அல்லாஹ் தந்த அமானிதம். ஓடும் வண்டியின் படிக்கட்டில் தொங்கியோ, சன்னலுக்கு வெளியே கை நீட்டியோ, தண்டவாளத்தில் நின்றோ எடுக்கும் படம் எதுவும் எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது. அனுமதியின்றித் தண்டவாளத்தில் நடப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படியும், படிக்கட்டிலோ கூரையிலோ பயணம் செய்வது 156ஆம் பிரிவின்படியும் குற்றங்களாகும். மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அதனைத் தொட வேண்டியதில்லை. நெருங்கினாலே உடலுக்குள் பாய்ந்துவிடும். நின்றிருக்கும் சரக்குப் பெட்டியின்மேல் ஏறி செல்ஃபி எடுக்க முயன்ற இளைஞர்கள் கருகி இறந்த செய்திகளை நாம் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இரண்டாவது, பிறருடைய கண்ணியம். உயிருள்ளவற்றின் நிழற்படம் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எஞ்சினுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் எஞ்சினைப் படமெடுக்கும்போது சன்னலோரம் அமர்ந்திருக்கும் பெண்களும், நடைமேடையில் அயர்ந்து உறங்கும் ஏழைகளும் சட்டகத்துக்குள் வந்துவிடுகின்றனர். அவர்களுடைய முகம் தெரியும் படத்தை வைத்திருக்கவோ பரப்பவோ அவனுக்கு உரிமை இல்லை. பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும் கட்டளை கேமராவின் கண்ணுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, நேர்மை. மறைந்து நின்று எடுப்பதில்லை. நிலைய அலுவலரிடம் முதலில் சென்று, ஸலாமோ வணக்கமோ கூறி, இன்னதற்காக எடுக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்றால், வாதம் செய்யாமல் நிறுத்திவிட வேண்டும். குறிப்பேடும் அடையாள அட்டையும் எப்போதும் உடன் இருக்க வேண்டும். ஒருவர் கடுமையாகப் பேசினால், குரலை உயர்த்தாமல் உண்மையை மட்டும் சொல்ல வேண்டும். பெற்றோர் உடன் இல்லாத இடத்தில் படமெடுக்கப் போவதில்லை.

நான்காவது, நன்றி. எண்களையும் குதிரைத்திறனையும் எழுதும்போது, நள்ளிரவிலும் கோடையிலும் பாதையோரம் நடந்து, கழன்ற இணைப்புகளைச் சுத்தியலால் இறுக்கும் தொழிலாளியையும், பச்சைக்கொடி காட்டி நிற்கும் கேட்மேனையும் நினைக்க வேண்டும். நாம் பெட்டியில் உறங்குகிறோம். நமக்காக யாரோ விழித்திருக்கிறார்கள். மனிதர்க்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்பதை நாம் மார்க்கத்திலிருந்து கற்றிருக்கிறோம்.

இந்த வரம்புகளை மகன் ஏற்றுக்கொண்டான். அவற்றுள் ஒன்றை மட்டும் திருத்தச் சொன்னான்: "அழிச்ச படத்தோட எண்ணையாவது எழுதிக்கலாமா, வாப்பா?" என்று கேட்டான். எழுதிக்கொள்ளச் சொன்னோம். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் எஞ்சின் எண்ணும் பணிமனையின் பெயரும் நேரமும் இருக்கின்றன. படம் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ரயிலையோ, பறவையையோ, விண்மீனையோ கண்டு வியக்கும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். அந்த வியப்பு படைத்தவனை நோக்கி அழைத்துச் செல்லும் பாதையாகலாம். நம் அச்சம் அதனை அணைத்துவிடாமலும், நம் அலட்சியம் பிள்ளையை ஆபத்தில் தள்ளிவிடாமலும் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. நம் பிள்ளைகளின் உயிரையும் ஈமானையும் கண்ணியத்தையும் வல்ல ரஹ்மான் பாதுகாப்பானாக! அவர்களைச் சந்தேகிப்போரின் உள்ளங்களையும் நேர்வழியில் திருப்புவானாக! ஆமீன்.