எழுநூறு ரூபாய் டாக்டர்

ரொம்ப நாள் கழிச்சு எழுதறேன். இந்த தடவை மேட்டர் கார்!

எங்க வீடு திருவொற்றியூர். அப்பா வாடகைக்கு ஓட்டுறது 2014 மாடல் பெட்ரோல் வண்டி. போன மாசம் எர்ணாவூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில நிக்கும்போது மீட்டர்ல என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிஞ்சிருக்கு. ஒர்க்‌ஷாப்ல மெஷினை மாட்டிப் பார்த்துட்டு, "ஆக்சிஜன் சென்சார் போச்சு, 6,500 ஆகும்"னு சொல்லிட்டாங்க. அதே வாரம்தான் எனக்கு பரீட்சை ஃபீஸ் கட்டணும்.

நாம சும்மா இருப்போமா? எழுநூறு ரூபாய்க்கு ஒரு புளூடூத் கோட் ரீடர் வாங்கினேன். "ஏழு லிட்டர் பெட்ரோல்டா அது"ன்னார் அப்பா.

கொஞ்சம் வரலாறு. அமெரிக்காவுல 1996 மாடல்ல இருந்து எல்லா கார்லயும் ஓ.பி.டி. 2 கட்டாயம். புகையைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் அது. நம்ம ஊர்ல 2013 ஏப்ரல்ல இருந்து. ஸ்டியரிங்குக்குக் கீழ குனிஞ்சு பார்த்தா 16 பின் இருக்கிற ஒரு சாக்கெட் தெரியும். ரீடரை அதுல சொருகி, போன்ல ஆப்பைத் திறந்தா போதும்.

பி0171னு வந்துச்சு. பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தின்னு அர்த்தம். பக்கத்துலயே 'அழி'ன்னு ஒரு பட்டன். அழுத்தினேன். விளக்கு அணைஞ்சுது. "பாத்தியாப்பா, 6,500 மிச்சம்!"னு ஒரே அலட்டல்.

ரெண்டு நாள் கழிச்சு டோல்கேட் சிக்னல்ல வண்டி உதறி நின்னுடுச்சு. பின்னாடி ரயிலுக்குப் போற குடும்பம். இறங்கி ஆட்டோ பிடிச்சுப் போயிட்டாங்க. அப்பா வீட்டுக்கு வந்து என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணுச்சு.

அன்னைக்கு ராத்திரிதான் ஒழுங்கா உட்கார்ந்து படிச்சேன். கோடை அழிச்சா கோளாறு போகாது. கோளாறு வந்தப்போ என்ஜின் எந்த சூடு, எந்த வேகத்துல இருந்துச்சுன்னு கம்ப்யூட்டர் எழுதி வைக்கிற குறிப்பும் சேர்ந்து அழிஞ்சுடும். தடயத்தை நானே துடைச்சிருக்கேன்!

மறுநாள் காலையில மறுபடி மாட்டினேன். இந்த தடவை கோடை விட்டுட்டு 'ஃப்யூயல் டிரிம்' பார்த்தேன். காத்து ஜாஸ்தியானா கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோல் கூட்டுதுன்னு காட்டுற கணக்கு அது. சும்மா நிக்கும்போது 22 சதவீதம். ஆக்சிலேட்டரை மிதிச்சு 2,500 ஆர்.பி.எம். போனா 6. பெட்ரோல் பம்ப் பலவீனமா இருந்தா மிதிக்க மிதிக்க ஏறணும். இங்க இறங்குது. அப்போ எங்கேயோ கணக்குல வராத காத்து உள்ள போகுது. ஐடிலிங்ல என்ஜின் இழுக்கிற மொத்தக் காத்தே கொஞ்சம்தான், அதனால சின்ன ஓட்டை கூட அப்போதான் பெரிசா தெரியும்.

"எங்கேயோ காத்து உறிஞ்சுதுப்பா"ன்னேன். அப்பா பானெட்டைத் திறந்து தலையைச் சாய்ச்சு ஒரு நிமிஷம் கேட்டார். இன்டேக் பக்கம் ஒரு ரப்பர் ஓஸ்ல விரலை வச்சார். 'ஸ்ஸ்'ன்னு வந்த சத்தம் நின்னுச்சு, உதறலும் நின்னுச்சு. மடிப்புல வெடிச்சிருந்தது. புது ஓஸ் 120 ரூபாய்.

ஆக்சிஜன் சென்சார் ஒரு தப்பும் பண்ணல. காத்து ஜாஸ்தின்னு உண்மையைத்தான் சொல்லிட்டு இருந்துச்சு. அதைப் போய் மாத்தப் பார்த்தோம்!

வாங்கப் போறவங்களுக்கு ரெண்டு விஷயம். அழிக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் குறிச்சு வைங்க. விளக்கு விட்டுவிட்டு மின்னினா மிஸ்ஃபயர், அப்படியே ஓட்டினா சைலன்சர் வழியில இருக்கிற கேட்டலிக் கன்வர்ட்டரும் காலி. ஓரங்கட்டி நிறுத்துங்க.

இப்போ அந்த ரீடர் அப்பாவோட டேஷ்போர்டுலதான் இருக்கு. நேத்து ஸ்டாண்டுல இன்னொரு டிரைவர் வண்டிக்கு மாட்டிப் பார்த்தாராம். "அழிக்கிற பட்டனைத் தொடாதே"ன்னு மிரட்டிட்டுதான் குடுத்தாராம் :-)