நீண்ட லைனில் மோடம்: வேகத்துக்கும் நிலைப்புக்கும் இடையே

தொலைபேசி நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டுக்குச் செல்லும் செம்புக் கம்பி, மனிதக் குரலை மனத்தில் கொண்டு இழுக்கப்பட்டதாகும். குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸுக்கு உட்பட்ட அதிர்வெண்களே போதும். அதே கம்பியில் ஓடும் ஏடிஎஸ்எல் இணைப்போ 1,104 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டுகிறது. அதிர்வெண் ஏற ஏறக் கம்பியில் சமிக்ஞையின் மெலிவும் கூடுகிறது. டெசிபெல்லில் அளக்கப்படும் இம்மெலிவைக் களத்தில் அட்டனுவேஷன் என்பர். 0.4 மி.மீ. கம்பியில் 300 கிலோஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபெல் குறைவதால், நான்கு கிலோமீட்டர் கடந்து வரும் ஆற்றல், அனுப்பப்பட்டதில் ஏறத்தாழ நான்கு லட்சத்தில் ஒரு பங்காகிவிடுகிறது.

இந்த மெலிந்த சமிக்ஞையைக் கையாள மோடம் அலைப்பட்டையைக் கூறுபோட்டுக்கொள்கிறது. 1993இல் அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனம் நடத்திய ஒப்பீட்டுச் சோதனைகளில் ஜான் சியோஃபி குழுவினரின் கருவி முன்னின்றதைத் தொடர்ந்து நிலைபெற்ற டிஎம்டி முறையில், அலைப்பட்டை 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 256 டோன்களாக, அதாவது தனித்தனியே தரவைச் சுமக்கும் சிறு அலைகளாக, வகுக்கப்படுகிறது. இணைப்பு தொடங்கும்போது வீட்டு மோடமும் நிலையத்திலுள்ள டிஸ்லாம் கருவியும் ஒவ்வொரு டோனிலும் சமிக்ஞை இரைச்சலைவிட எவ்வளவு மேலோங்கி நிற்கிறது என்பதை அளந்து, அதற்கேற்ப எத்தனை பிட் ஏற்றலாம் என்று முடிவு செய்கின்றன. கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் ஒரு பிட் என்பது தோராயக் கணக்கு. ஒரு டோனுக்கு உச்ச வரம்பு 15 பிட். நீண்ட லைனில் மேல் டோன்கள் பெரும்பாலும் இரைச்சலில் அமிழ்ந்துவிடுவதால் மோடம் அவற்றைக் காலியாக விட்டுவிட்டு, கீழ்ப்பகுதியில் எஞ்சியவற்றைக் கொண்டே வேலையை நடத்துகிறது.

எனினும், அளந்த அளவுக்கு முழுவதும் ஏற்றிவிட்டால் இரைச்சல் சிறிது கூடினாலும் இணைப்பு அறுந்துவிடும் என்பதால், ஒரு பகுதி கையிருப்பாக விடப்படுகிறது. எஸ்என்ஆர் மார்ஜின் எனப்படும் இக்கையிருப்பு வழக்கமாக 6 டெசிபெல். ஒரு டோன் நொடிக்கு 4,000 முறை தரவைச் சுமப்பதால், 100 டோன்கள் மட்டுமே உயிரோடிருக்கும் லைனில் மார்ஜினை 6இலிருந்து 9 டெசிபெல்லாக உயர்த்தினால், டோனுக்கு ஒரு பிட் வீதம் நொடிக்குச் சுமார் 400 கிலோபிட் வேகம் குறையும். நிலைப்புக்குத் தரப்படும் விலை இது. நகர நடுவிலுள்ள குட்டை லைனில் பொருட்படுத்தத் தேவையில்லாத இத்தொகை, தொலைவிலுள்ள சந்தாதாரருக்குப் பேரிழப்பு.

பகலில் 6 டெசிபெல் மார்ஜினோடு இணைந்த லைன் மாலையில் தத்தளிப்பதற்குக் காரணம், கூடும் இரைச்சல் இக்கையிருப்பைத் தின்றுவிடுவதே. விளக்குகளும் மலிவான சார்ஜர்களும் இயங்கத் தொடங்குகின்றன. இருட்டியபின் மத்திய அலை வானொலி நெடுந்தூரம் பயணிக்கிறது. மெதுவாகக் கூடும் இரைச்சலை மோடம் ஓரளவு சமாளிக்கும். நலிந்த டோனிலுள்ள பிட்டுகளை வலுவான டோனுக்கு இடம் மாற்றும் இம்முறைக்கு பிட் ஸ்வாப்பிங் என்று பெயர். மின்விசிறி சுவிட்சின் பொறிபோலத் திடீரென வெடிக்கும் இரைச்சலுக்கு இது உதவாது. அதற்காகவே ரீட்-சாலமன் திருத்தக் குறிகள் சேர்க்கப்படுகின்றன: 255 பைட் கொண்ட தொகுதியில் 16 பைட் திருத்தத்துக்கென ஒதுக்கப்பட்டால், எட்டுப் பைட் வரையிலான பிழை தானே சரியாகும். தொகுதிகளைக் கலந்து அனுப்பும் இன்டர்லீவிங், ஒரே இடத்தில் விழும் அடியைப் பல தொகுதிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. பதிலுக்குச் சில மில்லிநொடித் தாமதத்தை ஏற்க வேண்டியிருக்கும்.

மோடமின் நிர்வாகப் பக்கத்தில் கிடைக்கும் பிட் அட்டவணை, அதாவது டோன்வாரியாக ஏற்றப்பட்ட பிட்டுகளின் வரைபடம், அனுபவசாலிக்குக் கம்பியின் உள்நிலையைக் காட்டுகிறது. 167ஆம் டோனை ஒட்டி ஒரு குறுகிய பள்ளம் மட்டும் தெரிந்தால், சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்பு கம்பியில் ஏறுகிறது எனலாம். பள்ளம் அகன்று 116ஆம் டோனைச் சுற்றி அமைந்தால், எங்கோ சுமார் 100 மீட்டர் நீளத்தில் முனை திறந்த கிளைக் கம்பி தொங்குகிறது என்று ஊகிக்கலாம். அதன் நீளம் கால் அலைநீளமாக அமையும் 500 கிலோஹெர்ட்ஸில், திரும்பி வரும் அலை நேரலையை அழித்துவிடுகிறது. பள்ளமே இல்லாமல் எல்லா டோன்களும் சேர்ந்து தாழ்ந்து, ரிசீவரை எடுத்ததும் நிலைமை மாறினால், ஜாயின்டில் களிம்பேறியிருக்க வாய்ப்பு அதிகம்: ஓடத் தொடங்கும் மின்னோட்டம் அக்களிம்பின் தடையைத் தற்காலிகமாகக் குறைக்கிறது. லைனாக அமையும் இரு கம்பிகளில் ஒன்றில் மட்டும் தடை கூடினால் சமநிலை கெட்டு, இரு கம்பிகளிலும் ஒருசேர ஏறி அழிந்துபோக வேண்டிய வெளி இரைச்சல், சமிக்ஞையோடு கலந்துவிடுகிறது. மழைக்குப் பின் மட்டும் மார்ஜின் சரிந்தால், நீர் புகுந்த ஜாயின்டைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஆகவே, தூரத்தால் வந்த மெலிவையும் இரைச்சலால் வந்த கெடுதலையும் பிரித்தறிவதே லைன் பழுது நீக்கும் தொழிலின் சாரம். முன்னதைக் கம்பி இருக்கும்வரை மாற்ற இயலாது. பின்னதைப் பெரும்பாலும் கையால் சரிசெய்துவிடலாம். பிட் ஏற்றும்போது மோடமுக்கு இரண்டும் ஒரே எண்ணாகவே தெரிகின்றன. வீட்டு வயரிங், குரலையும் தரவையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர், டிபி எனப்படும் பகிர்வுப் பெட்டி, தெருவோரப் பில்லர் என ஒவ்வொரு ஜாயின்டாகப் பார்த்த பின்னரே மார்ஜினைத் தொட வேண்டும். அவ்வரிசையை மீறி எடுத்த எடுப்பில் மார்ஜினை உயர்த்தினால் இணைப்பு அறுவது நிற்கும், புகாரும் தீர்ந்ததாகப் பதிவாகும். ஆனால் களிம்பேறிய ஜாயின்ட் அப்படியே இருக்க, அதற்கான விலையைச் சந்தாதாரர் வேகத்தில் செலுத்திக்கொண்டிருப்பார்.