தீனி எடுக்காத விடைக்கோழி

கூண்டைத் திறந்ததும் முதலில் ஓடி வருவது அந்த விடைக்கோழிதான். வயது ஐந்து மாதம். கொண்டை இப்போதுதான் சிவந்துகொண்டு வந்தது. இன்னும் முட்டைக்கு வரவில்லை. அன்று வியாழக்கிழமை. மற்ற பத்தும் கம்பைப் பொறுக்க ஓடிவிட, இது மட்டும் கூண்டு மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்தது. மருமகள் உள்ளங்கையில் கம்பை வைத்து நீட்டினாள். அது பார்க்கவில்லை. தண்ணிச் சட்டியை நகர்த்தி வைத்தாள். அதற்கும் அசையவில்லை.

மாமியார் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன மாசி கணக்காத்தான் இருக்குது அம்மிணி. நாளான்னைக்குச் சந்தை. மத்ததெல்லாம் நல்லா இருக்கறப்பவே கொண்டுபோய்த் தள்ளிரலாம். இல்லாட்டி மறுபடியும் குழி வெட்டிட்டுத்தான் உக்காரோணும்.”

திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் ஒரு முருங்கைக் காடு அது. போன மாசியில் அந்த வீட்டில் பதினேழு கோழிகள் செத்தன. வெள்ளைக்கழிச்சல். ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இருவாரத் தடுப்பூசி முகாம் ஊருக்கு வந்தபோது, வீட்டில் எல்லோரும் காய் பறிப்பில் இருந்தார்கள். அடுத்த வாரமே சந்தையில் ஒரு சேவல் வாங்கி வந்தார்கள். வந்த ஐந்தாம் நாள் அதற்குக் கழுத்து திருகியது. குழி வெட்டியது மாமியார்தான். தப்பியது ஒரே ஒரு பெட்டை. அது வைகாசியில் பொரித்த குஞ்சுகளில் பருந்துக்குப் போனது போக மிஞ்சிய ஒன்பதில் ஒன்றுதான் இந்த விடைக்கோழி.

“நோவுன்னு தெரிஞ்சே விக்கறதுங்களா அத்தை?”

“நமக்கு வித்தவன் தெரியாமயா வித்தான்?”

அதற்கு மருமகளிடம் பதில் இல்லை. குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து விட்டாயிற்று. எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் போட வேண்டிய ஊசியைத்தான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள். அந்தக் குற்ற உணர்ச்சி வேறு. பேசாமல் விடைக்கோழியைத் தூக்கிப் போய், காற்று அடிக்காத தாழ்வாரத்தில் சாக்கு விரித்து, கொடாப்பில் கவிழ்த்தாள். அதற்குத் தனிச் சட்டி. மற்ற கோழிகளுக்குத் தீனி போட்டு முடித்த பிறகே இதனிடம் போவது, வந்ததும் கை கால் கழுவுவது என்று வைத்துக்கொண்டாள். சந்தைப் பேச்சு அப்படியே நின்றது.

தண்ணீர் குடிக்காத கோழியைப் பார்த்தால் யாருக்கும் கை துடிக்கும். வாயைப் பிளந்து ஊற்றிவிடத் தோன்றும். போன மாசியில் அவளும் அதைத்தான் செய்தாள். பாப்பாவுக்குப் பால் ஊட்டிய சங்கில் மிளகுத் தண்ணீர் எடுத்து ஒரு கோழிக்கு ஊற்றினாள். அது மூக்கு வழியாக நுரை தள்ளி, நாலு தடவை வாயைத் திறந்து மூடி, மடியிலேயே தலையைப் போட்டது. நோய்தான் கொன்றது என்று வெகு நாள் நினைத்திருந்தாள். கோழிக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, அண்ணாந்து பிடித்து ஊற்றினால் தண்ணீர் நேராக அதற்குள்தான் போகும் என்று பிறகு கால்நடை மருத்துவர் சொன்னபோதுதான் அவளுக்கு விளங்கியது.

ஆகவே இந்த முறை சங்கை எடுக்கவில்லை. விரலைத் தண்ணீரில் நனைத்து அலகின் ஓரத்தில் வைத்தாள். சொட்டு வழிந்து உள்ளே போனது. கோழி தானாக விழுங்கியது. இரண்டாவது சொட்டு. மூன்றாவதற்குத் தலையைத் திருப்பிக்கொண்டது. அரை மணி கழித்து மறுபடி. அன்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை இப்படியே நடந்தது. மொத்தமாகப் பார்த்தால் ஒரு தேக்கரண்டி கூடப் போயிருக்காது.

பக்கத்துக் காட்டு அக்கா சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருண்டை பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல மனசுதான். ஆனால் எதனால் தீனி எடுக்கவில்லை என்று தெரியாமல் உள்ளே தள்ளும் எந்த உருண்டையும் சில சமயம் வினையாகிவிடும். இந்தக் கோழிக்கு அது நிச்சயம் வினையாகியிருக்கும். அது வெள்ளிக்கிழமை விடிந்ததும்தான் தெரிந்தது.

எச்சம் பச்சையாக, கொஞ்சமே கொஞ்சம் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வயிற்றைக் கலக்கியது. (பட்டினி கிடக்கும் கோழிக்கும் பித்தநீர் இறங்கி எச்சம் பச்சையாகத்தான் வரும், நிறத்தை மட்டும் வைத்துக் கழிச்சல் என்று முடிவுகட்ட முடியாது.) கழுத்து திருகவில்லை. வாயைப் பிளந்து மூச்சு வாங்கவில்லை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கக் கையை வைத்தவளுக்கு, அதற்கு மேலே, கழுத்து முடியும் இடத்தில் வலப்பக்கமாக என்னவோ தட்டுப்பட்டது. தீனிப்பை. பெரிய எலுமிச்சம்பழம் அளவு, பிசைந்து இறுகிய மாவு மாதிரி.

சாயங்காலம் அடையும்போது தீனிப்பை நிறைந்திருக்கும். ராத்திரியில் தீனி கீழே இறங்கி, காலையில் சுருங்கிக் கிடக்க வேண்டும். முந்தின நாள் முழுக்க ஒரு மணி கம்பு கூடத் தின்னாத கோழிக்கு விடிகாலையில் பை நிறைந்திருந்தால், உள்ளே போனது இறங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

“அத்தை, இங்க கையை வெச்சுப் பாருங்க.”

மாமியார் குனிந்து இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். “கல்லாட்டமல்லொ இருக்குது” என்றார். அதன் பிறகு அவரே உள்ளே போய்த் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார்.

அன்று பகல் முழுக்கத் தீனி எதுவும் வைக்கவில்லை. அலகோரத்தில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய், கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர், அப்புறம் பையை மேலாக, நோகாமல் நீவி விடுவது. தலைகீழாகப் பிடித்து உதறினால் வாந்தியாக வந்துவிடும் என்று மாமா ஒரு யோசனை சொன்னார். மாமியார் விடவில்லை. வரும்தான், வருவது மூச்சுக்குழாய்க்குள்ளும் போகும்.

சனிக்கிழமை காலையிலும் பை இளகவில்லை. சந்தை நாள். மாமா டி.வி.எஸ். வண்டியை எடுத்தார். கட்டைப்பையில் தலை மட்டும் வெளியே தெரிய, பத்துக் கோழிகளுக்குப் பதில் இந்த ஒன்று மட்டும், சந்தைக்கு இல்லாமல் கால்நடை மருந்தகத்துக்குப் போனது.

மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது நீவிப் போறதில்லைங்கம்மா” என்றார். இறகைப் பிடுங்கி, மரத்துப்போக ஊசி போட்டு, தோலையும் பையையும் ஓர் அங்குல நீளம் கீறினார். உள்ளே புளித்த நாற்றம். சோளத்தட்டுத் துணுக்கு, புல் வேர், எல்லாவற்றையும் திரித்துக் கட்டிய மாதிரி ஒரு பிளாஸ்டிக் நூல். இழுக்க இழுக்க வந்தது. ஒரு சாணுக்கு மேல் இருக்கும். தீவன மூட்டையின் வாயைத் தைத்திருந்த நூல். மூட்டையைப் பிரிக்கிறவர்கள் அதை உருவி அங்கேயே உதறிவிட்டுப் போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கோழிக்கு அது புழு மாதிரித் தெரிந்திருக்கும்.

கழுவிவிட்டுப் பையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் தைத்தார். கையோடு மற்றதையும் கேட்டார். எட்டு வாரத்து ஊசி பாக்கி என்றதும் அவர் முகம் மாறியது. “இது கழிச்சலா இருந்திருந்தா நீங்க ராத்திரி முழுக்க முழிச்சிருந்தும் ஒண்ணும் ஆயிருக்காதுங்க. அதுக்கு மருந்தே கிடையாது, ஊசி ஒண்ணுதான். அதுவும் நோவு வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான்.” அடுத்த வாரத்துக்கே நாள் சொன்னார்.

வீட்டுக்கு வந்தும் கோழி தின்னவில்லை. அதுதான் எல்லோரையும் விட மாமியாரை வாட்டியது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கி, அதை விரலால் வைத்துக்கொண்டிருந்தார்கள். இருட்டியதும் கொடாப்பின் மேல் சாக்கைப் போர்த்தி, ஒரு பக்கம் மட்டும் காற்றுக்குத் திறந்து வைத்தார் மாமியார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி இருக்கும். பாப்பா கத்தினாள். சட்டிக்குள் தானாக அலகை விட்டு, தலையை வானத்தைப் பார்த்துத் தூக்கி, தொண்டை அசைய விழுங்கியது கோழி. மறுபடி குனிந்தது. யாரும் கிட்டே போகவில்லை. சாயங்காலம் அவித்த மஞ்சள் கருவைக் கஞ்சியில் மசித்து வைத்தார்கள், பாதி தின்றது. பத்து நாள் முழுத் தானியம் காட்டவில்லை. பிறகு பொழுது சாய்ந்து மற்றவை அடைந்த பின்னால் கூண்டுக்குள் விட்டார்கள். பகலில் விட்டிருந்தால் புதுக்கோழி என்று கொத்தியே கிழித்திருக்கும். அதற்குள் எல்லாவற்றுக்கும் ஊசி போட்டாயிற்று. தேறி வந்த பிறகு இதற்கும்.

தீவன மூட்டை பிரிக்கும் இடத்தில் இப்போது ஆணியில் ஒரு டப்பா தொங்குகிறது, நூல் போட. மாமியார் சாயங்காலம் கூண்டடைக்கும் முன்பு விடைக்கோழியைப் பிடித்துத் தீனிப்பையை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறார். மற்ற கோழிகள் அவர் கையில் வந்து தின்னும். அது மட்டும் அவர் தலையைக் கண்டாலே முருங்கைக் காட்டுக்குள் ஓடிவிடுகிறது.