புதன்கிழமைக் காய்ச்சல்

மல்லிகையும் முல்லையும் கீரமங்கலத்துக்காரர்களை விடியும்வரை தூங்க விடுவதில்லை. மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். மலர்ந்துவிட்டால் விலை போகாது. பூ கமிஷன் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பெண்கள் தலையை வாரி முடிந்துகொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தடுப்பூசி போட வருகிறார்கள். தமிழ்நாட்டில் அதற்குப் புதன்கிழமைதான் வழக்கம்.

நக்கீரர் தங்கள் ஊர்க்காரர் என்பதில் கீரமங்கலத்தாருக்குத் தனிப் பெருமை. அதனால்தானோ என்னவோ, இந்த ஊர்ப் பெண்கள் கேள்வி கேட்காமல் குழந்தையை நீட்டுவதில்லை. நான் போயிருந்த அன்று ஓர் இளம் தாய், ஒன்றரை மாதக் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு கேட்டாள்:

"காய்ச்சல் வருமா நர்ஸம்மா?"

"வரும்த்தா. வந்தா சொட்டு மருந்து தர்றேன், குடு."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு ராத்திரி. மிஞ்சிப் போனா ரெண்டு."

"விடியக் கொல்லையில பூ எடுக்கணுமே!"

பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு இதை அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு இது நல்ல கணக்காகவே பட்டது. குழந்தை ஒரு ராத்திரி அழுதால் தாய்க்குத் தூக்கம் போச்சு. தூக்கம் போனால் மறுநாள் கூலி போச்சு. காய்ச்சல் கண்ணுக்குத் தெரிகிறது. அவள் மகளுக்கு வராமல் போகப்போகிற தொண்டை அடைப்பானும் கக்குவான் இருமலும் ரண ஜன்னியும் எங்கே தெரிகின்றன? ஊசி பலித்ததற்கு அடையாளமே ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான். நடக்காததை எப்படிக் காட்டுவது? இவற்றோடு இன்னும் இரண்டு நோய்களைச் சேர்த்து ஐந்துக்கும் ஒரே ஊசி என்று 2011 டிசம்பரில் கொண்டுவந்தபோது, இந்தியாவில் முதலில் போட்டது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். அது அரசாங்கத்துக்குப் பெருமை. அவளுக்கு ஒரு ராத்திரி.

கூட வந்திருந்த அப்பத்தாளுக்கு எழுபதுக்கு மேலிருக்கும். அவள் கையில் பழைய காசு போல வட்டமாக இரண்டு தழும்புகள். சின்ன வயதில் அம்மை குத்தியது. "ஒரு ராத்திரிதானேடி! எங்க காலத்துல ஆத்தா வந்தா, போறப்ப கண்ணையும் பிடுங்கிட்டுப் போவா" என்றாள். பெரியம்மை 1975இல் இந்தியாவை விட்டுப் போனது. உலகத்தையே விட்டுப் போய்விட்டதென்று 1980இல் அறிவித்தார்கள். மருமகள் அந்தத் தழும்பை ஒரு தடவை பார்த்தாள். பதில் சொல்லவில்லை.

பயம் வெறும் கற்பனையில் பிறந்தது என்றும் சொல்வதற்கில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு கிராமத்துக்குள் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். 2017இல் பள்ளிக்கூடங்களில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிப் பல பெற்றோர் மறுத்தார்கள். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கொரோனா ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் காலமானார். ஊசி அதற்குக் காரணமில்லை என்று நிபுணர் குழு பிறகு சொல்லிற்று. அதற்குள் ஊரெல்லாம் பேசி முடித்தாகிவிட்டது!

குழுவின் அறிக்கை கீரமங்கலத்துத் தோட்டத்துக்கு வராது. வருகிறவள் இந்த நர்ஸம்மாள். ராத்திரி குழந்தை அனலாய்க் கொதித்தால் போன் செய்யலாம். மறுநாள் வழியில் மறித்துச் சண்டை போடலாம். திட்டு வாங்க ஓர் ஆள் ஊரிலேயே இருக்கிறாள் என்பது சின்ன விஷயமா?

வாயில் சொட்டு மருந்து, தொடையில் ஊசி. குழந்தை வீறிட்டது; தாய் அதைவிடச் சத்தமாக, "இல்லடா தங்கம், இல்லடா" என்றாள். அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நர்ஸம்மாள் அட்டையை எடுத்தாள்.

"அடுத்த மாசம் இதே புதன்."

"மறுநாள் முகூர்த்தமாச்சே! பூ விலை ஏறியிருக்கும், அன்னிக்கு எப்படி வர்றது?"

நர்ஸம்மாள் திரும்பிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். ஒரு வாரம் தள்ளினால் பாதகமில்லை என்றாள். எழுதியிருந்த தேதியை அடித்துவிட்டு, அதற்கடுத்த புதன்கிழமையைப் போட்டாள்.