உவரியின் உப்பும் மணலும் கார்க் கண்ணாடியும்

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி போகும் கடற்கரைச் சாலையில் குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை எல்லாம் தாண்டி, சுமார் 40 கிலோமீட்டரில் வருகிறது உவரி. ஒரு பக்கம் பனங்காடும் செம்மண் தேரியும். மறுபக்கம் மன்னார் வளைகுடா. நான் போனது ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து வரும் மேல்காற்று, ராதாபுரம் வட்டாரத்துக் காற்றாலைகளை ஓயாமல் சுழற்றிக்கொண்டிருந்தது.

சுயம்புலிங்க சுவாமி கோயிலில் நேர்த்திக்கடனாகக் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து வந்து கொட்டுகிறார்கள். கப்பல் வடிவில் எழுந்து, உச்சியில் விமானத்தைத் தாங்கி நிற்கும் கப்பல் மாதா ஆலயம் கொஞ்ச தூரத்தில். புனித அந்தோணியார் திருத்தலத்துக்குக் கேரளத்திலிருந்தும் வண்டிகள் வருகின்றன. அவற்றில் பல இரவு முழுவதும் கடலோரத்திலேயே நிற்கும். விடிந்ததும் பார்த்தால் முன்கண்ணாடி பால் தெளித்ததுபோல் வெளுத்திருக்கும்.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் கலந்து கண்ணாடியில் உப்பாகப் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பே கசியும். கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்தப் பிசுபிசுப்பில் தேரிப் புழுதியும் கடற்கரை மணலும் ஒட்டிக்கொள்கின்றன. காலையில் திருச்செந்தூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினால், கடல்மேல் எழும் வெயில் அந்தப் படலத்தில் பட்டுச் சிதறி எதிரே வரும் பைக்கை மறைத்துவிடும்.

எங்கள் ஓட்டுநர் திசையன்விளைக்காரர். சாவியைத் தொடுவதற்கு முன்பு ஒரு வாளி நல்ல தண்ணீர் கொண்டுவந்து, கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து மெதுவாக ஊற்றினார். வைப்பரோடு சேர்ந்த வாஷரே தண்ணீர் பீய்ச்சுமே, அது போதாதா என்று கேட்டேன்.

“அது ஒரு செம்புத் தண்ணிகூட வராது அண்ணாச்சி. மணலு அதுல போவாது. ரப்பருக்கு அடியில மாட்டிக்கிட்டுக் கண்ணாடியக் கீறிரும். மொதல்ல தண்ணி, அப்புறந்தான் வைப்பர்.”

அவர் சொன்னதற்கு இந்த மண்ணே சாட்சி. உவரி தொடங்கித் தெற்கே நீளும் இந்தக் கரையின் மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்திருக்கின்றன. இவற்றை அள்ளுவதற்குத்தான் தமிழக அரசு 2013இல் தடை போட்டது. கார்னெட் உலகமெங்கும் உலோகத்தை அறுக்கவும் தேய்க்கவும் பயன்படும் கனிமம். கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் கண்ணாடி சுமார் 5.5, கார்னெட் 6.5 முதல் 7.5 வரை, சாதாரண மணலான குவார்ட்ஸ் 7. காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போட்டால், ரப்பர் அந்தத் துகள்களை அழுத்தி இழுக்கிறது. அதில் விழும் வில் போன்ற கீறலை எந்தச் சோப்பும் போக்காது. இரவில் எதிர்விளக்கு பட்டதும் அந்தக் கீறல் முழுவதும் மின்னிக் கண்ணைக் கூசவைக்கும்.

கண்ணாடியைக் கழுவியதும் வைப்பரைத் தூக்கி, ஈரத்துணியால் ரப்பரின் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைத்தார். துணி கறுப்பாகிக்கொண்டே வந்தது. அது வெளுக்கும்வரை விடவில்லை. வெயிலில் ரப்பர் ஒட்டாமலிருக்க வைப்பரைத் தூக்கி வைப்பது பலருக்கும் வழக்கம். இந்த ஊர்க் காற்றில் அது ஆபத்து என்றார். கம்பி படாரென்று திரும்பி விழுந்தால் கண்ணாடியே விரிசல் விடும்.

வாஷர் டப்பாவில் ஊற்றும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். கடலோரத்துப் போர்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. அதை ஊற்றினால் நாசிலின் துளையில் உப்புக் கட்டி அடைக்கும். கண்ணாடியிலும் வெள்ளைத் திட்டு விழும். குடிக்கிற தண்ணீரையோ டிஸ்டில்டு வாட்டரையோ ஊற்றலாம். அடைத்த துளையை மெல்லிய ஊசியால் குத்திவிடலாம். துணி துவைக்கும் பவுடரைக் கரைத்து ஊற்றக் கூடாது.

அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் 1903இல் வைப்பருக்குக் காப்புரிமை பெற்றார். நியூயார்க்கில் பனிமழையில் டிராம் ஓட்டுநர் பட்ட பாட்டைப் பார்த்ததுதான் காரணம். உள்ளிருந்து கையால் இயக்கும் கருவி அது. இன்று நம் நாட்டின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் கண்ணாடியுள்ள வண்டிக்கு நன்றாக இயங்கும் வைப்பரைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆனாலும் எஞ்சினுக்கும் டயருக்கும் செலவழிக்கும் நாம், பார்வையைக் காக்கும் இந்த ரப்பரை மழை வந்த பிறகுதான் நினைக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்பே, புரட்டாசியில் அதைப் பாருங்கள். கோடு விட்டுத் துடைத்தாலும், கிறீச்சிட்டாலும், விளிம்பு வெடித்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

உவரிக்கு வருகிறவர்கள் வண்டியில் ஒரு கேன் நல்ல தண்ணீரும் ஒரு பருத்தித் துணியும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் முன் கண்ணாடியை நனைத்துக் கழுவிவிட்டுப் புறப்படுங்கள். ஐந்து நிமிட வேலைதான். உங்கள் உயிரோடு எதிரே வருகிறவரின் உயிரும் அதில் இருக்கிறது.